பேய் வீட்டில் ஓர் இரவு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடையில் ஏற்றினால் நீரிழிவு பற்றியோ கொலஸ்ரரோல் பற்றியோ பேசி, மத்தியானச் சாப்பாட்டின் ருசியைக் கெடுத்துவிடுவார் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இன்று பேசப்போவது பேயைப் பற்றி. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். 'அந்தப் பேய் வீட்டுக் கதையைச் சொல்லும், இல்லாவிட்டால் கைதட்ட மாட்டோம்' என்று அவர்கள்தான் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

1995 ஒக்டோபர் 30. இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. பின்வரிசைத் தங்கைமாருக்காக மட்டும் ஒரு வசனம்: வலிகாமத்தில் இருந்த இலட்சக்கணக்கான சனம், கொட்டும் மழையில், வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. நாங்களும் நடந்தோம். அப்பா, அம்மா, அப்பம்மா, சின்னமாமா, பிள்ளைகள் மூவர். இரண்டு சைக்கிள். ஒன்றில் அரிசிப்பையும் பாய்களும் அப்பம்மாவின் தகரப் பெட்டியும். மற்றதில் அப்பம்மா. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது விடிந்துவிட்டது.

சாவகச்சேரிக்கு அப்பால் தூரத்து உறவில் ஒரு பெரியம்மா இருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய விறாந்தை, குசினி, மாட்டுக்கொட்டில் எல்லாம் நிறைந்திருந்தன. நாற்பது பேருக்கு ஒரு கிணறு. முதல் இரவு மாமரத்தின் கீழ் ஒரு தறப்பாளுக்குள் குந்தியிருந்தோம். இரண்டாம் நாள் பின்னேரம் பெரியம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பின்னொழுங்கையிலை ஒரு கல்வீடு சும்மா கிடக்கு. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. பெரியம்மாவின் பாட்டி காலத்தில் அந்த வீட்டு மருமகள் வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோனாளாம். இரவில் குழந்தை அழும் சத்தம் கேட்குமாம். வெள்ளைச் சீலை உடுத்து, விளக்கோடு நடப்பாளாம். சொந்தக்காரர் கொழும்போடு போய்விட்டார்கள். மாட்டுக்கொட்டிலுக்கு அடிபட்ட சனம், அந்தக் கல்வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

மாமரத்தின் கீழ் குடும்பக் கூட்டம் நடந்தது. அப்பா விஞ்ஞான ஆசிரியர். "பேயெண்டு ஒண்டும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்தார். அப்பம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பேய் இருக்குத் தம்பி. ஆனா அதுக்கு ஷெல் அடிக்கத் தெரியாது. வாங்கோ போவம்."

ஒழுங்கை முகப்பில் ஒரு சுமைதாங்கி நின்றது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் கட்டுவார்கள். தன் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழியால் போகிறவர்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு கல். சின்னமாமா அரிசிப்பையை அதில் வைத்து மூச்சு வாங்கினார். அப்பம்மா கல்லைத் தடவிப் பார்த்து, "இது அவளின்ரை கல்லடா" என்றார். பை உடனே மாமாவின் தலைக்குத் திரும்பிவிட்டது.

இருட்டும்போது முன்னறையைக் கூட்டிப் பாய் விரித்தோம். ஓரத்தில் யார் படுப்பது என்பதில் பெரிய வழக்கு. ஏழு பேருக்கும் நடுவில்தான் இடம் வேண்டும். கடைசியில் கதவுப்பக்கம் அப்பம்மா படுத்தார். மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சும் திரியும் வைத்த விளக்கு ஒன்று. அதன் வெளிச்சத்தில் நாங்கள் படித்தும் இருக்கிறோம், பயந்தும் இருக்கிறோம்.

சத்தங்கள் தொடங்கின. ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் விளக்கம் இருந்தது. "அது காவோலை உரசிறது." "அது ஓட்டிலை மரநாய் ஓடுது." "அது ஆந்தை, படுங்கோ." நடுச்சாமத்தில் சின்னமாமாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. கண் திறந்திருக்கிறது, கை கால் அசையவில்லை. அம்மா உலுக்கிய பிறகுதான் பேச்சு வந்தது: "நெஞ்சிலை ஏறி இருந்தவள் அக்கா!"

இது என்னவென்று இன்று எங்களுக்குத் தெரியும். கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும். சில வேளை மூளை முந்தி விழித்துவிடும், உடம்பு பிந்தும். அந்தச் சில கணங்கள் அசைய முடியாது. நெஞ்சில் பாரம் அழுத்துவதுபோலவும் அறைக்குள் யாரோ நிற்பதுபோலவும் இருக்கும். நித்திரை கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது கூடுதலாக வரும். மாமா இரண்டு இரவு நித்திரை இல்லாமல், மல்லாந்து படுத்திருந்தார். ஆனால் இந்த விளக்கத்தை அப்போது சொல்ல யாரும் இல்லை. ஏனென்றால் அதே நேரம் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். விஞ்ஞான ஆசிரியரின் வாய் கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் எழும்பினார். மூலையில் கிடந்த உலக்கையை எடுத்தார். அவருடைய சேட்டைப் பிடித்தபடி அம்மா, அம்மாவின் சீலையைப் பிடித்தபடி பிள்ளைகள், கடைசியில் மாமா. "இஞ்சேருங்கோ, போகாதேங்கோ, போகாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே அம்மா அப்பாவை முன்னுக்குத் தள்ளினார். குசினிக் கதவை அடைந்தோம். கதவு அந்தப் பக்கத்திலிருந்து திறந்தது.

வெள்ளைச் சீலை. விரித்த தலைமயிர். கையில் விளக்கு.

நாங்கள் கத்தினோம். பேயும் கத்தியது. பேய்க்குப் பின்னால் நின்ற இன்னும் சிலரும் "ஐயோ பேய்!" என்று கத்தினார்கள். பிறகு பேய் விளக்கை உயர்த்தி, எங்கள் முகத்தை உற்றுப்பார்த்து, மிகத் தெளிவாகக் கேட்டது: "நீர் பத்து பீ வகுப்புப் பிள்ளையெல்லே?"

எங்கள் கணக்கு ரீச்சர்!

ரீச்சரின் குடும்பம் பொழுதுபட்ட பிறகு, மழைக்குள், பின்படலையால் வந்து ஒதுங்கியிருக்கிறது. வீட்டின் கதை அவர்களுக்குத் தெரியாது. மாமாவின் முனகலையும் அப்பாவின் முணுமுணுப்பையும் கேட்டு, முன்னறையில் யாரோ மந்திரம் சொல்லி ஒருவனை அமுக்கிக் கொல்கிறான் என்று நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மூன்று நாளாகச் சிரிக்காத நாங்கள் அந்தக் குசினியில் வயிறு நோகச் சிரித்தோம்.

அப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மூலைக்குப் போய்விட்டார். அங்கே சாக்கில் ரீச்சரின் மகள் படுத்திருந்தார். பக்கத்தில் பதினொரு நாள் குழந்தை. அப்பம்மா நெற்றியில் கை வைத்தார். "பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது."

"மழையிலை நனைஞ்சது, அம்மா" என்றார் ரீச்சர்.

"பெத்த உடம்புக் காய்ச்சலை மழைக்காய்ச்சல் எண்டு விடக்கூடாது, பிள்ளை. விடியுமட்டும் வைச்சிருக்கக் கூடாது."

ஏழு பிள்ளை பெற்ற அப்பம்மா எந்த மருத்துவப் புத்தகமும் படித்ததில்லை. ஆனால் எங்கள் புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலும் நடுக்கமும் கருப்பையில் கிருமி தொற்றியதன் அடையாளமாக இருக்கலாம்; அது இரத்தத்தில் பரவினால் தாய் மிஞ்சுவது கஷ்டம். வழமையாக வீடு தேடி வரும் மருத்துவிச்சி, இடம்பெயர்ந்த தாயை எங்கே தேடுவார்?

சைக்கிள் கரியரில் ரீச்சரின் மகளை இருத்தி, ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் சின்னமாமாவும் பிடித்துத் தள்ளினார்கள். குழந்தையைச் சீலைக்குள் பொதிந்துகொண்டு அம்மா பின்னால் நடந்தார். பொழுதுபட்டால் கிணற்றடிக்கே தனியப் போகாத மாமா, அந்தச் சுமைதாங்கியைத் தாண்டி, இருட்டுக்குள், சாவகச்சேரி ஆஸ்பத்திரி வரை சைக்கிளை விடவில்லை. மருந்துத் தட்டுப்பாடான காலம். இருந்த ஊசி மருந்தைப் போட்டார்கள். பத்து நாளில் தாயும் பிள்ளையும் அதே பேய் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு விறாந்தையில் ரீச்சர் கணக்கு வகுப்பு வைத்தார். அண்டை அயலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். ரீச்சரின் கேத்திர கணிதத்துக்குப் பயந்த அளவு நாங்கள் அங்கே வேறெதற்கும் பயப்படவில்லை.

இலங்கையில் 1930ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2020ஆம் ஆண்டளவில் அந்த எண் ஏறத்தாழ 30ஆகக் குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள், ஆஸ்பத்திரிப் பிரசவம், இரத்தம் ஏற்றும் வசதி, கிருமிகொல்லி மருந்துகள், இலவச மருத்துவம் எல்லாம் அதற்குக் காரணம். பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் ஒரு காரணம். அந்தக் கல்வீட்டு மருமகள் எங்கள் பாடசாலை தொடங்கிய காலத்துப் பெண். அவள் பேயாக வரவில்லை. அவளைக் காப்பாற்ற அன்று ஒருவரும் வரவில்லை. ஊர் அதைப் பேய்க்கதையாக்கி ஞாபகம் வைத்திருந்தது. அந்தக் குசினிக் கதவு திறக்காமல் விட்டிருந்தால், அதே வீட்டுக்கு இரண்டாவது பேய்க்கதையும் வந்திருக்கும்.

அன்று அழுத அந்தக் குழந்தையும் பிறகு இங்கேதான் படித்தாள். இப்போது மூன்றாம் வரிசையில் இருந்து, 'பெயரைச் சொல்லிப்போடாதேங்கோ' என்று கையைக் காட்டுகிறாள். சொல்லவில்லை, தங்கச்சி.

1996 ஏப்ரலில் ஊர் திரும்பினோம். அங்கே இருந்த மாதங்களில் அப்பம்மா ஒவ்வொரு பொழுதும் பின்னறையில் ஒரு சின்ன விளக்கு வைப்பார். யாருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை. புறப்படும் நாளில் சுமைதாங்கியடியில் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். தகரப் பெட்டியை அந்தக் கல்லில் ஒரு நிமிடம் வைத்தார். பிறகு கல்லைத் தடவி, வீட்டுக்காரியிடம் விடைபெறுவதுபோலச் சொன்னார்:

"அப்ப நாங்கள் போயிட்டு வாறம், பிள்ளை."