மேசைமேல் வாட்டர்லூ



போர் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் விழாக்குழு நண்பர் ஒருவர், "இந்த வயசிலே என்னப்பா விளையாட்டு?" என்று கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

1815 ஜூன் 18-ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்தில் நடந்தது வாட்டர்லூ போர். அதை மேசைமேல் மறுபடி நடத்திப் பார்க்கும் விளையாட்டுகள் பல உண்டு. அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனம் 1962-இல் ஒன்றை வெளியிட்டது. 1971-இல் ஜேம்ஸ் டன்னிகன் அமைத்த 'நெப்போலியன் அட் வாட்டர்லூ' சின்னது, புதிதாகக் கற்பவர்களுக்குத் தோதானது.

பலகை என்றால் சதுரங்கம் மாதிரி இல்லை. தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள் போட்ட நிலப்படம். படைப்பிரிவுகள் சின்னச் சின்ன அட்டைச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள்: ஒன்று பலம், மற்றது எத்தனை கட்டம் நகரலாம் என்பது. மோதும்போது இரு தரப்புப் பலத்தையும் விகிதமாக்கி, பகடை உருட்டி, அட்டவணையைப் பார்க்க வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்று ஆள் சேர்த்துக்கொண்டு போனால் தைரியமாக அடிக்கலாம். ஒன்றுக்கு ஒன்று என்றால் பகடை விட்ட வழி.

பிரெஞ்சுப் பக்கம் ஆடுகிறவருக்கு எப்போதும் அவசரம்தான். வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர், நெப்போலியனிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் கிழக்கிலிருந்து புளூஷரின் பிரஷ்யப் படை வந்துகொண்டே இருக்கிறது. மாலைக்குள் சுமார் 50,000 பேர் வந்துவிடுவார்கள். அதற்குள் வெலிங்டனை முறித்தாக வேண்டும். ஊகோமோன் பண்ணை வீட்டிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தால் ஆட்டம் போச்சு. அன்றைக்கும் அங்கே நாள் முழுக்கச் சண்டை நடந்தது, பண்ணை விழவே இல்லை.

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பலகை ஒரு பெரிய பொய்யும் சொல்கிறது.

இரண்டு நாள் முன்பு லின்யியில் தோற்ற பிரஷ்யரைத் துரத்திப் போகச் சொல்லி, க்ரூஷி என்ற தளபதியிடம் சுமார் 33,000 பேரைக் கொடுத்திருந்தார் நெப்போலியன். 18-ஆம் தேதி நண்பகல் வாக்கில் தூரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது. கீழிருந்த ஜெரார் என்ற தளபதி, "அங்கே போவோம்" என்றார். க்ரூஷியோ தனக்கிட்ட உத்தரவுப்படி வாவ்ர் பக்கம் போனார். பிற்பாடு செயின்ட் ஹெலீனா தீவில் நெப்போலியன் பழியை இவர் தலையில் போட்டார். நம் விளையாட்டுக்காரர்களும் அப்படித்தான், "சுத்த மடையன்!" என்பார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? பிரஷ்யச் சில்லுகள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து பார்க்கிறார்களே! க்ரூஷிக்குத் தெரிந்தது கையில் ஒரு உத்தரவு, காலடியில் மழைச் சேறு, காதில் ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அதே மாலை இன்னொன்றும் நடந்தது. இதைப் பலர் சொல்வதில்லை. வெலிங்டனின் இடப்பக்கம் வந்துசேர வேண்டிய ஸீட்டன் என்ற பிரஷ்யத் தளபதி பாதி வழியில் திரும்பிவிட்டார். காயம்பட்டவர்கள் பின்னால் போவதைக் கண்ட அவருடைய அதிகாரி ஒருவர், வெலிங்டன் படை பின்வாங்குகிறது என்று தப்பாகச் செய்தி கொண்டுவந்துவிட்டார். வெலிங்டனிடம் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக இருந்த ம்யூஃப்லிங் குதிரையில் விரட்டிப் போய், மன்றாடி அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார். அப்புறம்தான் வெலிங்டனால் இடப்பக்கக் குதிரைப்படையை நடுவுக்கு நகர்த்த முடிந்தது.

இந்த ம்யூஃப்லிங் 1821-இல் பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவரானார். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி அவருக்கு ஒரு போர் விளையாட்டை நடத்திக் காட்டினார். அதில் உத்தரவை எழுதி நடுவரிடம் தர வேண்டும். உங்கள் படை கண்ணால் காணக்கூடிய எதிரியை மட்டுமே அவர் படத்தில் வைப்பார். மற்றதெல்லாம் இருட்டு. பார்த்தவுடனே ம்யூஃப்லிங்குக்குப் பிடித்துப்போயிற்று, படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். ஸீட்டனின் பின்னால் குதிரை ஓட்டிய மனிதருக்குப் பிடிக்காமல் இருக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்து அறையில் இரண்டு பலகை விரித்து, நடுவே தட்டி கட்டி வைத்திருக்கிறேன். நான்தான் நடுவர். க்ரூஷியாக ஒருவர் வேண்டும். பீரங்கிச் சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொல்வேன், யார் யாரைச் சுடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.