வளைகூரையின் மேல் கிடந்த பாரம்

இத்தாலி நாட்டின் நடுவே, அம்பிரியா மலைப்பகுதியில், அசிசி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏழ்மையைப் பெருஞ்செல்வமாகப் போற்றிய பிரான்சிஸ் முனிவர் பிறந்த ஊர் அது. அவர் 1226-இல் மறைந்தார். 1228-இலேயே அவர் பெயரால் ஆலயம் எழத் தொடங்கிவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோயில்கள்! எளிமையைப் போதித்தவருக்கு இத்தனை பெரிய மாளிகையா என்று கேட்கலாம். அது வேறு பேச்சு. மேற்கோயிலின் வளைகூரையில் சிமாபூவே முதலிய ஓவியர்கள் தீட்டிய சித்திரங்கள் உலகப் புகழ் பெற்றவை.

1997 செப்டம்பர் 26 அன்று, விடியுமுன் 2 மணி 33 நிமிடத்திற்கு அங்கே பூமி நடுங்கிற்று. சுவர்களில் விரிசல் கண்டது. பொழுது விடிந்தபின் துறவியரும் வல்லுநரும் சேதத்தைப் பார்வையிட உள்ளே சென்றனர். முற்பகல் 11 மணி 40 நிமிடத்திற்கு மறுபடியும் நில அதிர்ச்சி. வளைகூரையின் இரு பகுதிகள் பெயர்ந்து வீழ்ந்தன. துறவியர் இருவரும் வல்லுநர் இருவரும் மாண்டனர்.

எழுநூறு ஆண்டுகளாக நின்ற கூரை ஏன் விழுந்தது? பள்ளியில் நான் வளைவின் தத்துவத்தை விளக்க, மேசைமீது செங்கற்களை வில்போல் அடுக்கிக் காட்டுவதுண்டு. ஒவ்வொரு கல்லும் அண்டைக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கமே அதன் உயிர். உருவம் மிகவும் கோணினால் போயிற்று. அசிசியில் ஓட்டுக்கூரையைப் பழுது பார்த்த தலைமுறைகள், உடைந்த ஓட்டையும் காரையையும் கீழே இறக்காமல் வளைகூரையின் முதுகுப் பள்ளங்களிலேயே விட்டுவிட்டன. கூலி மிச்சம் என்று எண்ணினார்களோ, என்னவோ! அண்ணாந்து சித்திரம் பார்த்தவர் கண்ணுக்கு அந்தக் குப்பை தெரியவில்லை. நிலம் குலுங்கியபோது அது சரிந்து இறங்கி வளைவைக் கோணச் செய்தது. வளைவு பழைய நிலைக்குத் திரும்ப இடம் கொடுக்கவில்லை. ஜார்ஜோ குரோச்சி என்னும் பொறியியல் பேராசிரியர் இதை ஆராய்ந்து விளக்கினார்.

விரிசல் கண்ட கூரைமேல் கால் வைக்க இயலாது. எனவே மேலிருந்து தொங்கியவாறே ஆட்கள் அக்குப்பையை அள்ளினர். பிறகு வளைகூரையின் முதுகில், மரத்தின்மேல் வலிய செயற்கை இழை போர்த்திய விலா எலும்புகளைப் பொருத்தினர். 1999 நவம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

வீழ்ந்த சித்திரங்களோ லட்சக்கணக்கான துண்டுகளாயின. அவற்றைத் தட்டுகளில் பரப்பி, வண்ணம் பார்த்து வகைப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் சேர்த்தனர். புனித ஜெரோமின் உருவம் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தது. சிமாபூவே தீட்டிய மத்தேயுவின் பகுதியில் பெரும் பாகம் பொடியாகிவிட்டது. அதைப் புதிதாக வரையத் துணியவில்லை. கிடைத்த துண்டுகளை அதனதன் இடத்தில் பதித்து, எஞ்சியதை வெறும் பூச்சாகவே விட்டிருக்கிறார்கள்.