உளியும் கணக்கும்



வானூர்தி என்றதும் இறக்கையையும் எஞ்சினையும் எண்ணுகிறோம். உலோகக் கட்டியிலிருந்து அவற்றின் பாகங்களைக் கடைந்தெடுக்கும் பட்டறையை எண்ணுவதில்லை. இன்று அப்பட்டறையைப் பற்றியே பேச விழைகிறோம்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்தனர். அவர்களுடைய எஞ்சினைச் செய்தவர் சார்லி டெய்லர் என்னும் பட்டறைத் தொழிலாளி. கடைசல் இயந்திரம் ஒன்று, துளையிடும் இயந்திரம் ஒன்று, சில கைக்கருவிகள் ஆகியவற்றைக் கொண்டு சுமார் ஆறு வாரங்களில் அதனை முடித்தார். ரைட் சகோதரர்களை உலகம் அறியும். இவரை அறிந்தோர் சிலரே. செய்த கை மறக்கப்படுவது நமக்குப் புதிதன்று.

அக்காலத்தில் எஃப். டபிள்யூ. டெய்லர் என்னும் மற்றோர் அமெரிக்கர், உலோகம் வெட்டும் கலையை 26 ஆண்டுகள் ஆராய்ந்து 1906இல் முடிவுகளை அறிவித்தார். வெட்டும் வேகம் கூடினால் உளியின் ஆயுள் எவ்வளவு குறையும் என்று கணித்துக் காட்டினார். அவருடைய சூத்திரத்தில் அடுக்கெண் 0.25 எனில், வேகம் இரு மடங்காகும்போது ஆயுள் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆயின், திட்டமிடும் பொறுப்பை அலுவலகத்திற்கும் செய்யும் வேலையைத் தொழிலாளிக்கும் பிரித்தவரும் அவரே. சிந்திப்பவன் வேறு, உழைப்பவன் வேறு என்னும் பிரிவினையைப் பிறப்பின் பெயரால் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் நாம்.

அப்பிரிவினை இத்தொழிலுக்கும் ஆகாது. டைட்டானியக் கலவை வலிமை மிக்கது; எஃகினும் இலேசானது. ஆனால் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெட்டும்போது எழும் வெப்பம் உளிமுனையிலேயே தேங்கும். ஆகவே வேகம் தணிந்திருக்க வேண்டும். உளி கூர்மையாக இருக்க வேண்டும். குளிர்விக்கும் நீர்மம் தடையின்றிப் பாய வேண்டும். காரணத்தை ஏடு சொல்லும். உளி மழுங்கும் ஓசையைக் காதுதான் அறியும்.

1996ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று, அமெரிக்காவின் பென்சகோலா நகரில், புறப்படும் வேளையில் ஒரு விமானத்தின் எஞ்சின் சிதறியது. முன்விசிறியைத் தாங்கும் டைட்டானியச் சக்கரம் பிளந்து, சிதறல்கள் பயணிகள் அறையில் பாய்ந்தன. தாயும் மகனும் மாண்டனர். அச்சக்கரத்தை உருவாக்கியபோது இட்ட ஒரு துளையில், துளையிட்ட முறையின் குறையால் உலோகத்தின் தன்மை மாறியிருந்தது. அங்கே தொடங்கிய வெடிப்பே நாளடைவில் வளர்ந்தது. சோதனையிலும் அது கண்ணில் படாமற்போயிற்று. ஒரு துளை; இரண்டு உயிர்கள்!

1942இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராயிடம் அளித்த மனுவில், நம் மக்களுக்கு அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கான உதவியைக் கேட்டார். கையும் மூளையும் ஒருவரிடமே சேர வேண்டும் என்பதே நாம் அதிலிருந்து கொள்ளும் பாடம்.

ஆகவே, பட்டப்படிப்பு மாணவர்களே, கடைசல் இயந்திரத்தின் முன் நில்லுங்கள்; கையில் எண்ணெய் படுவதை இழிவென்று எண்ணாதீர்கள். பட்டறையில் பணிபுரியும் தம்பிகளே, தங்கைகளே, வரைபடத்தையும் சூத்திரத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். அவை பிறர் சொத்தல்ல. உளி நம் கையில் இருக்கிறது. கணக்கும் நம் கைக்கு வரட்டும்.