ஆற்றலைச் சேமிக்கும் அறிவியல்

நாட்டின் சூரிய மின் திறன் 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் 100 ஜிகாவாட் என்னும் அளவைக் கடந்தது. 2014 மார்ச்சில் அது 3 ஜிகாவாட்டிற்கும் குறைவாகவே இருந்தது என்பதை நினைவிற்கொண்டால் இவ்வளர்ச்சியின் வேகம் விளங்கும். கர்நாடகத்தின் பாவகடாவிலும் இராஜஸ்தானத்தின் பட்லாவிலும் வானம் பார்த்த நிலங்களில் விரிந்துள்ள சூரியப் பூங்காக்கள் ஒவ்வொன்றும் 2,000 மெகாவாட்டிற்கும் மேற்பட்ட திறனுடையவை.

ஆயினும் கதிரவன் நண்பகலில் தருகிறான். வீடுகளோ விளக்கேற்றும் வேளையில்தான் மிகுதியாகக் கேட்கின்றன. நண்பகலில் விளைந்த மின்சாரத்தை மாலை வரை வைத்திருக்க இயலாவிடில், அந்தி மயங்கியதும் நிலக்கரி நிலையங்களையே மீண்டும் நாட வேண்டும். எனவே, மின்சாரத்தை உற்பத்தி செய்வது எவ்வளவு முதன்மையானதோ, அதனைச் சேமிப்பதும் அவ்வளவு முதன்மையானதாகிவிட்டது.

எவ்வளவு சேமிக்க வேண்டும்? மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட தேசிய மின் திட்டத்தின்படி, 2031-32-ஆம் ஆண்டில் நாட்டிற்கு ஏறத்தாழ 411 ஜிகாவாட் மணி சேமிப்பு தேவைப்படும். அதில் 175 ஜிகாவாட் மணி நீரேற்று நிலையங்களிலும், 236 ஜிகாவாட் மணி மின்கலங்களிலும் அமையும் என அத்திட்டம் கணித்துள்ளது.

நீரேற்று முறை எளிய இயற்பியலைச் சார்ந்தது. ஒரு கன மீட்டர் நீரை 367 மீட்டர் உயரத்திற்கு ஏற்றினால், அதில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஈடான ஆற்றல் அடங்கும். தமிழ்நாட்டின் காடம்பாறை நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து 400 மெகாவாட் திறனுடன் இவ்வகையில் இயங்கி வருகிறது. ஆனால் மலையும் பள்ளத்தாக்கும் நீரும் ஒருங்கே அமைந்த இடங்கள் எங்கும் கிடைப்பதில்லை. எஞ்சிய பெரும்பங்கினை மின்கலமே ஏற்றாக வேண்டும். அம்மின்கலத்தை உருவாக்கியது ஒரு தனித் துறையன்று. கணிதமும் இயற்பியலும் பருப்பொருள் அறிவியலும் கைகோத்ததன் விளைவே அது.

மூன்று படிகள்

லித்தியம் அயனி மின்கலத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1970-களில் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியபோது, அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், டைட்டானியம் டைசல்பைடின் அடுக்குகளுக்கிடையே லித்தியம் அயனிகள் புகுந்து வெளியேறக்கூடும் எனக் கண்டார். அவருடைய கலம் இரண்டு வோல்ட்டிற்குச் சற்று மேலான அழுத்தத்தைத் தந்தது. ஆனால் அதன் எதிர்மின்வாய் லித்தியம் உலோகமாகவே இருந்ததால், தீப்பிடிக்கும் அச்சம் நீங்கவில்லை.

1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப், சல்பைடுக்கு மாற்றாக கோபால்ட் ஆக்சைடைக் கையாண்டு, அழுத்தத்தை நான்கு வோல்ட்டிற்கு உயர்த்தினார். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ, லித்தியம் உலோகத்தை அகற்றிவிட்டுப் பெட்ரோலியக் கரியை எதிர்மின்வாயாக்கினார். 1991-இல் இம்மின்கலம் சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கருத்து தோன்றியதற்கும் பொருள் கடைக்கு வந்ததற்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தன என்பது திட்டமிடுவோர் மனங்கொள்ளத்தக்கது.

இரும்பின் வருகை

கோபால்ட் அரிய உலோகம், விலையும் மிகுந்தது. மேலும், கோபால்ட் ஆக்சைடு அளவுமீறிச் சூடேறினால் ஆக்சிஜனை வெளியிடும். அதுவே தீக்குத் துணையாகும். இரும்பைப் பயன்படுத்தலாம் என்றால், இரும்பு ஆக்சைடுகள் தரும் மின்னழுத்தம் குறைவு.

இச்சிக்கலை அவிழ்த்ததில் தமிழகத்தில் பிறந்த ஓர் அறிவியலாளருக்குச் சிறப்பிடம் உண்டு. மதுரையில் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் குடினஃபுடன் இணைந்து இரும்பின் சல்பேட்டு, மாலிப்டேட்டு முதலிய சேர்மங்களை ஆராய்ந்தார். இரும்பிற்கு அருகே கந்தகம் போன்ற அணு அமர்ந்து ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்த்துக்கொண்டால், இரும்பின் மின்னழுத்தம் உயர்கிறது என்பது அவ்வாய்வின் முடிவு. இம்முடிவு காட்டிய வழியில், 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குடினஃபும் அட்சய பாதியும் அவர்தம் குழுவினரும் லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டை அறிமுகப்படுத்தினர். அதன் அழுத்தம் ஏறத்தாழ 3.4 வோல்ட். பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பிணைத்திருப்பதால் தீ அச்சமும் குறைவு. இன்று உலகெங்கும் மின்தொகுப்புகளில் நிறுவப்படும் சேமிப்பு மின்கலங்களுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை. முதுமையின் காரணமாகக் குடினஃப் நிகழ்த்த இயலாத நோபல் உரையை 2019-இல் ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் மந்திரமே ஆவார்.

கணிதத்தின் பங்கு

இரும்புப் பாஸ்பேட்டு முதலில் ஏமாற்றமளித்தது. மின்சாரம் அதில் எளிதிற் செல்லவில்லை. அயனிகளும் மெல்லவே ஊர்ந்தன. விடை ஒரு பழைய சமன்பாட்டில் இருந்தது. 1855-இல் அடால்ஃப் ஃபிக் வகுத்த விரவல் விதியின்படி, ஒரு துகளின் உட்புறம் வரை அயனி சென்று சேர ஆகும் காலம், அத்துகளின் தடிமனுக்கன்று, தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும். மாங்காயை முழுதாக உப்பிலிட்டால் ஊற நாளாகிறது. துண்டுகளாக அரிந்திட்டால் விரைவில் ஊறிவிடுகிறது என்பதை எந்த இல்லத்தரசியும் அறிவார். கணிதம் அவ்வனுபவத்திற்கு அளவு கூறுகிறது: துண்டின் தடிமனைப் பாதியாக்கினால் காலம் கால்பங்காகும், பத்திலொன்றாக்கினால் காலம் நூறிலொன்றாகும். எனவே இரும்புப் பாஸ்பேட்டை நுண்துகளாக்கி, ஒவ்வொரு துகளின்மீதும் கரிப்பூச்சு இட்டனர். ஒதுக்கப்படவிருந்த பொருள் இவ்வாறு உயிர்பெற்றது.

துகள் ஒன்றிற்கு உண்மையானது மின்கலம் முழுமைக்கும் பொருந்த வேண்டும். 1993-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் நியூமனும் அவர்தம் மாணவர்களும், நுண்துளைகள் நிறைந்த மின்வாயினுள் அயனி, மின்னோட்டம், வேதிவினை ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்வதை ஒரு சமன்பாட்டுத் தொகுதியாக அமைத்தனர். மின்வாய் எவ்வளவு தடிமனாக இருக்கலாம், எவ்வளவு விரைவில் மின்னேற்றலாம் என்பனவற்றைக் கலத்தைச் செய்யுமுன்னரே கணித்தறிய இதனால் வழி பிறந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் மின்கலத்தில் மின்சாரம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறிவதும் எளிதன்று. இரும்புப் பாஸ்பேட்டுக் கலத்தில், மின்னேற்றம் கணிசமாகக் குறைந்த பின்னும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். வோல்ட்மானியைப் பார்த்து உண்மை நிலையைச் சொல்ல இயலாது. 1960-இல் ருடால்ஃப் கால்மன் வகுத்ததும், அப்பல்லோ விண்கலத்திற்கு வழிகாட்டப் பயன்பட்டதுமான கணித முறையே இன்று மின்வண்டிகளில் இப்பணிக்குக் கைகொடுக்கிறது.

இயற்பியலின் கொடை இன்னும் அடிப்படையானது. 1964, 1965 ஆண்டுகளில் ஹோஹன்பெர்க், கோன், ஷாம் ஆகியோர், எண்ணற்ற எலக்ட்ரான்களைத் தனித்தனியே கணக்கிடாமல் அவற்றின் அடர்த்தியைக் கொண்டே பொருளின் ஆற்றலை அறியலாம் என நிறுவினர். வால்டர் கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையால், இதுவரை செய்யப்படாத சேர்மத்தின் மின்னழுத்தத்தையும் கணிப்பொறியில் மதிப்பிடலாம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகமும் வெளியிட்ட ஆய்வில், மூன்று கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் கணிப்பொறியால் சலிக்கப்பட்டு, இறுதியில் பதினெட்டே எஞ்சின. அவற்றினின்று தேர்ந்து செய்யப்பட்ட திண்ம மின்பகுளியில் லித்தியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சோடியம் அமைந்திருந்தது. ஆயினும், ஒரு பொருளைக் கிராம் அளவில் அன்றி டன் அளவில் எவ்வாறு செய்வது என்பதைக் கணிப்பொறி சொல்வதில்லை.

லித்தியமா, சோடியமா?

இவ்விடத்தில் நம் நாட்டிற்குரிய கேள்வி எழுகின்றது. ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் லித்தியம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2023 பிப்ரவரியில் அறிவித்தது. ஆனால் அது தொடக்க நிலை மதிப்பீடே ஆகும். இதுகாறும் லித்தியத்திற்கும் மின்கலங்களுக்கும் பெரும்பாலும் இறக்குமதியையே நாடு நம்பியிருந்து வருகிறது. எண்ணெய்க்குப் பிறநாடுகளைச் சார்ந்திருந்த நிலை மாறி, மின்கலத்திற்குச் சார்ந்திருக்கும் நிலை வருமாயின் அது விடுதலையாகாது.

சோடியமோ எங்கும் நிறைந்தது. புவியின் மேலோட்டில் லித்தியம் பத்து லட்சத்தில் இருபது பங்களவே உள்ளது. சோடியம் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கும் மேல். உலகின் முன்னணி உப்பு உற்பத்தி நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. சோடியத்திற்கு மற்றொரு நன்மையும் உண்டு. லித்தியம் கலத்தின் எதிர்மின்வாய்க்குச் செப்புத் தகடு வேண்டும். சோடியம் அலுமினியத்துடன் கலவாததால், இருபுறமும் மலிவான அலுமினியத் தகடே போதும்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. சோடியம் அணு லித்தியத்தைப் போல மும்மடங்கிற்கும் மேற்பட்ட எடையுடையது; அதன் அயனியும் பெரிது. லித்தியத்தை ஏற்கும் கிராஃபைட் சோடியத்தைப் போதிய அளவில் ஏற்பதில்லை. ஆகவே ஒழுங்கற்ற அமைப்புடைய கடினக் கரி தேவைப்படுகிறது. ஒரே எடையில் சோடியம் கலம் சேமிக்கும் ஆற்றல் பொதுவாகக் குறைவே. மேலும், 2022 இறுதியில் உச்சத்திலிருந்த லித்தியம் விலை 2024-இல் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியதால், சோடியத்தின் விலை நன்மையும் சுருங்கியது.

எனினும், எடை ஒரு வண்டிக்குச் சுமை. நிலத்தில் நிலைத்து நிற்கும் துணைமின் நிலையத்திற்கு அன்று. சீனாவின் ஹூபே மாநிலத்தில் 2024-இல் 100 மெகாவாட் மணி அளவுள்ள சோடியம் மின்கல நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. இங்கும் பெங்களூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர், ஆறு நிமிடங்களில் எண்பது விழுக்காடு மின்னேறும் சோடியம் கலத்தை 2025-இல் அறிவித்தனர். அதன் அடிப்படையான நாசிகான் என்னும் படிக அமைப்பு, 1976-இல் ஹாங், குடினஃப் ஆகியோர் கண்டறிந்ததேயாகும். விலை இறங்கிய ஆண்டில் ஆய்வைக் கைவிட்டு, ஏறிய ஆண்டில் மீண்டும் தேடுவது அறிவியலை வளர்க்கும் வழியன்று.

ஆய்வுக்கூடமும் ஆலையும்

மின்வேதியியல் ஆய்வு நாட்டிற்குப் புதியதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்து உதவ, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்கு 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் அது திறந்து வைக்கப்பட்டது. விண்கலங்களுக்கெனத் தானே உருவாக்கிய லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை, ஒரு கோடி ரூபாய் கட்டணத்தில் தொழில் நிறுவனங்களுக்கு அளிக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2018-இல் முன்வந்தது.

அரசின் ஊக்கமும் குறைவன்று. 50 ஜிகாவாட் மணி மின்கல உற்பத்தித் திறனை உருவாக்க 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்திற்கு 2021 மே மாதம் ஒப்புதல் அளிக்கப்பட்டது. ஆனால் 2025 வரை அவ்விலக்கில் ஒரு சிறு பகுதியே உற்பத்தி நிலையை எட்டியது. நிதி ஒதுக்கியதும் ஆலை எழுந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. மின்வாய்ப் பசையை மைக்ரான் அளவில் சீராகப் பூசுதல், ஈரமற்ற அறைகளைப் பேணுதல், கரியையும் மின்பகுளியையும் உள்நாட்டிலேயே தூய்மையுறச் செய்தல் ஆகிய பணிகளுக்குத் தேர்ந்த கைகள் வேண்டும். இவை ஆய்வேடுகளில் இடம்பெறாத அறிவு. செய்து பழகியே பெறத்தக்கவை. 2022-இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கலங்களிலிருந்து உலோகங்களை மீட்பதும் இப்பணியோடு சேர்கிறது.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. ஒன்று, கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் மாணவர்கள் ஒரே மின்கலத்தை முன்வைத்து ஒருங்கே பயிலும் வாய்ப்பைப் பல்கலைக்கழகங்கள் அளித்தல். இரண்டு, ஆய்வுக்கூடத்தின் கிராமுக்கும் ஆலையின் டன்னுக்கும் இடையே கிலோ அளவில் செய்து பார்க்கும் பொது நிலையங்களைப் பெருக்குதல். மூன்று, உள்நாட்டுச் சோடியம் கலங்கள் தம்மை மெய்ப்பித்துக் காட்டும்பொருட்டு, மின்வாரியங்கள் தம் துணைமின் நிலையங்களுள் சிலவற்றை ஒதுக்கித் தருதல்.

தெற்கே பயின்ற ஓர் இளைஞர் கண்ட உண்மை, பிறநாட்டு ஆலைகளில் பொருளாகி, விலைக்கு இங்கு வந்து சேர்ந்தது. அடுத்து வரும் கண்டுபிடிப்பு இந்நாட்டின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, இந்நாட்டின் ஆலையில் வளர்ந்து, நண்பகலின் வெயிலைச் சிற்றூரின் மாலை விளக்கில் சேர்க்குமாயின், அறிவியலுக்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாயும் பயன்பெற்றதாகும்.