குழந்தை சொன்ன பிறகு

 

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவுகளையும் தண்டனைகளையும் பற்றிப் பல மேடைகளில் பேசிவிட்டோம். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தை ஒருநாள் வாய் திறந்து சொல்லிவிட்ட பிறகு அந்த வீடு என்ன பாடுபடுகிறது என்பதை அந்த அளவுக்கு நாம் பேசியதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாயைத் தாங்கிப் பிடிக்காமல் குழந்தையைத் தாங்க முடியாது.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, கொடுமை இழைத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள் என்றது. நம் பக்கத்தில் அது மாமாவாக இருக்கும், பக்கத்து வீட்டு அண்ணனாக இருக்கும். சில வீடுகளில் உலை வைக்கக் காசு கொடுக்கிற தகப்பனாகவே இருக்கும். புகார் கொடுத்த அன்றே அந்த வீட்டின் வருமானமும் நிற்கிறது, உறவும் முறிகிறது.

நம் தேனி மாவட்டப் பள்ளத்தாக்கின் பிழைப்பை இங்கிருக்கும் எல்லோரும் அறிவீர்கள். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத்தான் திரும்புகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய் காவல் நிலையத்துக்கு ஒருநாள், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருநாள், பிறகு வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத்துக்கு என்று நடந்தால், ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. அவள் திரும்பிப் போகும்போது ஜீப்பில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கலாம். இதற்கிடையில் சொந்தபந்தம் வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஊரு வாயை மூட முடியுமா? பொம்பளப்புள்ள வாழ்க்கை என்னாகிறது? பேசி முடிச்சுக்குவோம்" என்கிறது. கொடுமை செய்தவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று சொல்லத் துணிகிறவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய கொடுமை இருக்க முடியாது.

பாட்டி அழுவதையும் அடுப்பு எரியாததையும் பார்க்கிற குழந்தை, எல்லாம் தன்னால்தான் என்று நினைக்கிறது. சொன்னதைத் திரும்பப் பெறுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-லேயே இதை விளக்கிவிட்டார்: தாமதமாகச் சொல்வதும், சொன்னதை மறுப்பதும் இத்தகைய குழந்தைகளிடம் இயல்பாகக் காணப்படுபவை, அவை பொய்யின் அடையாளம் அல்ல. நம் நீதிமன்றங்களில் சொன்னதை மறுப்பதற்குப் பெயர் பிறழ்சாட்சி. "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்கும் ஒவ்வொருவரும் அந்தப் பிறழ்சாட்சிக்கு வழி செய்கிறார்கள்.

குழந்தையையும் அதன் வீட்டையும் தாங்கச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலரே வாக்குமூலம் பெற வேண்டும். ஆனால் சீருடையைக் கழற்றிவிட்டுக் காவல்துறை ஜீப்பிலேயே வந்து வாசலில் இறங்கினால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடுகிறது. இச்சட்டத்தின் 2020 விதிகளின்படி உணவு, உடை, பயணம் போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும். வழக்கு முடியும்வரை குடும்பத்தோடு நடந்துவரும் ஆதரவு நபரை நியமிப்பது அரசின் கடமை, விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாகச் சொன்னது. தாய்க்கு இந்த ஆதரவு நபரைவிடப் பெரிய துணை கிடையாது. எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதத்தோடு போவது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தாலே அவள் பாதி பயம் தீரும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்றை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். விடுமுறையில் தாயோடு தோட்டத்துக்குப் போன குழந்தைக்கு அங்கே கொடுமை நடந்தால் வழக்கு இடுக்கியில், வீடு தேனியில். புகாரை இங்கேயே வாங்கி அங்கே அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. மொழி புரியாத குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்கிறது. ஆனாலும் மலை ஏறி இறங்கி, மலையாளத்தில் நடக்கும் விசாரணையில் நிற்க வேண்டியவள் அந்தத் தாய்தான். சிகிச்சையும் மனநல ஆலோசனையும் இந்தப் பக்கம் தொடர வேண்டும். இரு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களும் ஒரு கோப்பை இரு கைகளால் பிடிக்காவிட்டால் அந்தக் குடும்பம் நடுவழியில் நிற்கும்.

இந்தக் கருத்தரங்கில் வாசிக்கப்படும் கட்டுரைகள் எதிலும் குழந்தையின் ஊர், பள்ளி, தெரு என்று அடையாளம் காட்டும் எதுவும் இடம்பெறக் கூடாது என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். மாலைக்குள் இரண்டு தீர்மானங்களை எழுதித் தாருங்கள்: தேனி, இடுக்கி குழந்தைகள் நலக் குழுக்கள் சேர்ந்து பராமரிக்கும் இருமொழி ஆதரவு நபர் பட்டியல், விசாரணைக்கு வரும் நாளின் கூலியைத் தாய்க்கு அன்றன்றே வழங்கும் ஏற்பாடு. இவ்விரண்டையும் மாவட்ட நிர்வாகத்திடமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும் நேரில் கொடுக்க என்னோடு வாருங்கள்.