சிறு செலவில் ஒரு பாடற் காணொளி



ஹேடோத் துறைமுகத்தில் சென்னைக் கப்பல் வந்து அணையும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ மூன்று நாள் கடலில் மிதந்து வந்து இறங்குவோரின் பெட்டியும் மூட்டையும் கண்ணுக்குத் தெரிகின்றன. நெஞ்சில் கொண்டுவருவது தெரிவதில்லை. தாலாட்டும் கும்மியும் நடவுப் பாட்டும் அவ்வாறு வந்து சேர்ந்தவையே.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் 100க்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். எனினும் கடைத்தெருவின் பொதுமொழி இந்தியே. நம் பிள்ளைகள் பாட்டியின் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள், பாட அறியார். பாட்டியோடு பாட்டும் மறைந்துவிடாமல் காக்க ஒரு வழி, அதனைக் காணொளியாக எடுத்து வைத்தல். அதற்குப் பெரும்பொருள் வேண்டுமோ என்று அஞ்சவேண்டா. கைப்பேசி ஒன்று போதும். ஆனால் பணம் குறையுமிடத்துச் சிந்தனை மிகவேண்டும்.

முதலாவது, பாட்டைத் தேர்தல். திரைப்பாட்டுக்கு வாயசைத்து நடித்தல் எளிது. ஆயின் சொல்லுக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமையாளர் இருப்பர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பாட்டை இயற்றியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும். வழிவழி வந்த நாட்டுப்பாட்டை நம் வீட்டுக் குரலிலேயே பாடிப் பதிந்தால் இத்தொல்லை இல்லை.

இரண்டாவது, ஒரே கருத்து. 1965இல் லண்டன் மாநகரின் பின்சந்து ஒன்றில் பாப் டிலன் என்னும் பாடகர் நின்றார். பாட்டின் சொற்களை அட்டைகளில் எழுதி, பாட்டு ஓட ஓட ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். அவ்வளவே படம், இன்றும் அது பேசப்படுகிறது. 2011இல் உலகெங்கும் பரவிய ‘கொலவெறி’ப் பாட்டின் காணொளியும் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டியது. புகழ்பெற்றவர்கள் ஆகையால் பார்த்தார்கள் என்று நீங்கள் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவர்கள் கையாண்ட முறைக்குப் புகழ் தேவையில்லை. தாலாட்டு எடுப்போமாயின் கைகளை மட்டும் காட்டுவோம்: சேலையில் தொட்டில் கட்டும் கை, ஆட்டும் கை, விரலைப் பற்றும் குழந்தையின் கை. பத்துக் கருத்தைத் திணித்தால் ஒன்றும் நில்லாது.

மூன்றாவது, ஒலி. எங்கள் முதல் முயற்சி இங்கேதான் கெட்டது. கடற்கரையில் சிறிய ஒலிபெருக்கி ஒன்றில் பாட்டை ஓடவிட்டோம். காற்றிரைச்சலில் அது அமுங்கிவிட்டது. பாடிய அம்மையார் பாட்டுக் கேளாமல் தம் போக்கிற் பாடினார். வீடு வந்து பொருத்திப் பார்த்தால் உதடு ஓரிடம், ஒலி ஓரிடம்! ஒருநாள் உழைப்பு வீணாயிற்று. அன்று கற்றது இது: முதலில் கதவடைத்து, மின்விசிறியை நிறுத்தி, சுவரில் போர்வை தொங்கவிட்டுப் பாட்டைப் பதிந்து முடிக்கவேண்டும். முடிந்த அப்பதிவையே களத்தில், பாடுவோரின் காதருகே ஓடவிடவேண்டும். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், பின்னர்ப் படத்தையும் ஒலியையும் பொருத்த அது அடையாளமாகும். தொலைவில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, அண்மையில் ஒருமுறை என முழுப்பாட்டையும் மும்முறை எடுத்தால் தொகுப்பது எளிது.

நான்காவது, ஒளி. இது நமக்குக் கதிரவன் அளிக்கும் கொடை. இந்திய நேரம் 82½ பாகை நெடுங்கோட்டைத் தழுவியது. நாமோ ஏறத்தாழ 92¾ பாகையில் வாழ்கிறோம். பாகைக்கு 4 நிமிடமாக, நம் கதிரவன் கடிகாரத்துக்குச் சுமார் 40 நிமிடம் முந்துகிறான். ஆகவே ஜூனில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே அந்தி சாயும். அவ்விளவெயிலே முகத்துக்கு அழகு. உச்சிவெயில் கண்ணில் நிழல் இடும். நிழல் விழுந்த பக்கம் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்தால் ஒளி திரும்பும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. வீட்டு விளக்கில் எடுப்பதாயின் நொடிக்கு 25 படம், ஒளி புகும் நேரம் நொடியில் 50இல் ஒரு பங்கு என அமைத்தால் விளக்கொளி துடிப்பது தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். துறைமுகத்தையும் கடற்படை இடங்களையும் அனுமதியின்றிப் படமெடுத்தல் ஆகாது. தொல்குடி மக்கள் வாழும் காடுகள் 1956ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் காப்பில் உள்ளன. அவர்கள் நம் பாட்டுக்குப் பின்திரை அல்லர்.

முன்பு இத்தீவுகளிலிருந்து இணையவழி எதனை அனுப்பவும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தோம். ஒரு பாட்டை ஏற்றுவதற்குள் பொழுது விடிந்துவிடும். 2020 ஆகஸ்டில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது. ஹேடோவில் பாடியதை மதுரையிலுள்ள அத்தை அன்றே கேட்கலாம். அனுப்பும்போது பாடியவர் பெயர், அவர் பிறந்த ஊர், பாடிய ஆண்டு ஆகிய மூன்றையும் படத்தின் இறுதியில் எழுதுங்கள்; படியொன்றை வேறிடத்தும் காத்து வையுங்கள்.

பம்பாயிலோ கல்கத்தாவிலோ டெல்லியிலோ வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். கருவியை நாளை வாங்கலாம். பணமும் நாளை வரலாம். பாடும் குரல் நமக்காகக் காத்திராது. வருகின்ற ஞாயிறன்று, வீட்டிலுள்ள மூத்தவரை அருகே அமர்த்தி, “ஒரு பாட்டுப் பாடுங்கள்” என்று கேட்போமாக.