விளையாட்டின் தரமும் வெளியீட்டு நாளும்



பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறானே என்று, உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு வீடியோ விளையாட்டை வாங்கிக் கொடுக்கிறோம். வீட்டில் போட்டால் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய நிறுவனம் செய்த பொருள் ஏன் இப்படி ஆகிறது? செய்தவருக்குத் திறமை இல்லையா?

ஒரு பழைய நிகழ்ச்சியைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1972இல் தோன்றிய அட்டாரி நிறுவனத்தை, 1976இல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் என்ற பெரிய நிறுவனம் வாங்கியது. 1982இல் 'ஈ.டி.' திரைப்படம் பெரு வெற்றி பெற்றது. அதை விளையாட்டாக்கும் உரிமைக்குப் பெரும் பணம் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு அது கடைக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். பல மாதம் பிடிக்கும் வேலை அது. அதைச் செய்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்ததோ ஏறக்குறைய 5 வாரம். அவர் அதற்கு முன் நல்ல விளையாட்டுகளைச் செய்தவர்தாம். ஆனால் ஈ.டி. விளையாட்டு மலைபோல் தேங்கியது. விற்காத பெட்டிகளில் ஒரு பகுதியை 1983இல் நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள்.

பால்மரத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. இன்றைய பாலுக்காகப் பட்டையை ஆழமாக வெட்டினால் நாளை மரம் பால் தருமா?

இக்காலத்திலும் இதே கதைதான். போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம். அது 'சைபர்பங்க் 2077' விளையாட்டை 2020 டிசம்பரில் வெளியிட்டது. பிழைகள் மலிந்திருந்ததால், சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியது. பிறகு திருத்தினார்கள், ஆனால் முதல் நாளில் வாங்கியவர்தானே ஏமாந்தார்?

பெல்ஜியத்தின் லாரியன் பங்குச் சந்தையில் இல்லை. அங்கே முடிவெடுப்பவர் அதை நிறுவியவரே. 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டின் முதல் பகுதியை மட்டும், முடியாத வேலை என்று சொல்லியே 2020 அக்டோபரில் விற்றார்கள். ஆடியவர் சொன்ன குறைகளைக் கேட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டு திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் கிடைத்தது.

தனியார் கையில் இருந்தால் எல்லாம் சிறக்கும் என்பதில்லை. நாளைக் குறிப்பவர் வேலையின் நிலையைப் பார்க்கிறாரா, விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கிறாரா என்பதே கேள்வி.

ஆகவே பெற்றோர்களே, விளம்பரத்தைக் கண்டு முதல் நாளே பணத்தைக் கொடுக்க வேண்டாம். இரண்டு மாதம் பொறுங்கள். வாங்கி ஆடியவரிடம் கேளுங்கள். பொறுப்பதன் காரணத்தைப் பிள்ளைக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அதுவும் ஒரு கல்விதான்.